சந்தனம் பூசிய மடக்குக் கத்தி

என் மனைவியின் அண்ணனுக்கு வடகரப்பதியில் தென்னந்தோப்பு இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் கருத்து இருக்கிறது. முழுசாக இல்லாதவை விரல்கள் மட்டும்தான். இடது கைச் சுண்டுவிரலின் நுனியைச் சோளத்தட்டு நறுக்கும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பற்றிப் பேசும்போது, கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார்.

நான் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு விதி உண்டு. தேய்ந்துபோன கருவியைக் ‘கண்டம்’ செய்தால், அதாவது இனி உதவாது என்று ஒதுக்கினால், அப்படியே குப்பையில் போடக் கூடாது. யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி கெடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். மனிதர்களை நன்றாக அறிந்த யாரோ எழுதிய விதி அது. ஊர் திரும்பி மச்சானோடு பழக ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். சொட்டுநீர்க் குழாய் அறுக்க, வாழையிலை அறுக்க, சாக்கு தைத்த நூலைப் பிரிக்க, சாப்பிட்ட பின் பல் குத்த எல்லாம் அதுதான். போன வெயில் காலத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் முன்னால் அதைத் திறந்தார். அலகு கைப்பிடிக்குள் கிழவன் பல்லைப்போல் ஆடியது.

"என்ன மச்சான், இந்த ஆட்டம் ஆடுது?"

"அது ஒண்ணுமில்லீங் மாப்ள. ஸ்க்ரூவ ஒரு திருகு திருகுனாச் செரியாப் போயிரும்."

திருகினார். அலகு திறக்கவே மறுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டார். அப்போதும் மறுத்தது. திருகைத் தளர்த்தினார். மறுபடி ஆடியது. இந்தச் சுற்றை அவர் பல வருஷங்களாக நடத்திவருகிறார் என்று என் மனைவி பிறகு சொன்னாள். இந்த ஊரில் மூட்டு வலிக்கும் தேங்காய் எண்ணெய், கீச்சிடும் கதவுக்கும் தேங்காய் எண்ணெய். கத்தி மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. அலகு பக்கவாட்டில் ஆடினால் அச்சுத் திருகு தளர்ந்திருக்கலாம். அதைத் திருகிச் சரிசெய்யலாம். மேலும் கீழும் ஆடினால் நோய் பூட்டில் இருக்கிறது. திறந்த அலகின் அடியில் ஒரு மெல்லிய தகடு வந்து முட்டுக்கொடுத்து நிற்கும்; அதுதான் பூட்டு. அது தேய்ந்துவிட்டால் எந்தத் திருகாலும் பயனில்லை. வேலைக்கு நடுவே அலகு மடங்கும். மடங்கும் வழியில் இருப்பது, பிடித்திருப்பவரின் ஆள்காட்டி விரல். இவருடைய கத்தி இரண்டு வகையிலும் ஆடியது. இதை நான் நிதானமாக விளக்கினேன். அவர் ஒரு கொட்டாவியோடு கேட்டுக்கொண்டார்.

"சித்தூர் ஹார்டுவேர் கடைல காட்டீட்டேனுங்க. பூட்டு பாதி கூட ஏறல, புதுசுமாதிரி இருக்குது, ஒரு குழப்பமும் இல்லன்னுட்டாரு."

கடைக்காரர் சொன்னதில் விஷயம் இருந்தது, அறிவுதான் இல்லை. பூட்டுத் தகடு தேயத் தேய, அலகின் அடியில் மேலும் மேலும் எதிர்ப்பக்கம் நகர்ந்துபோகும். ஓரத்திலேயே நின்றால் புதுசு. எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் ஆயுள் முடிந்தது. இந்தக் கத்தியின் தகடு ஓரத்திலேயேதான் நின்றது. ஆனால் இவ்வளவு ஆட்டம் ஆடும் கத்தியில் அது எப்படி நிற்கும்?

மனைவியின் ஊசியை வாங்கிப் பூட்டுக்குள் சுரண்டினேன். மஞ்சளாக ஒரு கட்டி உதிர்ந்தது. அதன் அடியில் இன்னொன்று. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் டிராக்டர், மண்வெட்டி, மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவர், கத்திக்கு அதன் மூட்டிலேயே வைத்திருக்கிறார், உயிர் அங்கேதான் இருக்கிறது என்று. அது எண்ணெயோடும் தோட்டத்துப் புழுதியோடும் குழைந்து, காய்ந்து, பூட்டை வழியிலேயே மறித்து நிறுத்தியிருக்கிறது. தேய்ந்த பூட்டு புதுப்பூட்டாக வேஷம் போட்டது அப்படித்தான். கத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது இரும்பு அல்ல, பக்தி.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். தகடு நேராக எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. மேல்கீழ் ஆட்டம் இன்னும் கூடியது.

"பாத்தீங்ளா? நீங்க தொட்டதுக்கப்பறந்தான் ரொம்ப ஆடுது," என்றார் மச்சான்.

இப்படிப்பட்டவரிடம் வாய்ப்பேச்சு வீண். சமையலறையிலிருந்து ஒரு வெண்டைக்காய் எடுத்துவந்தேன். கைப்பிடியில் ஆள்காட்டி விரல் இருக்கவேண்டிய இடத்தில் அதை நூலால் கட்டினேன். என் விரல்களைப் பக்கவாட்டில் ஒதுக்கிக் கைப்பிடியைப் பிடித்து, அலகின் முதுகை மேஜை விளிம்பில் மெதுவாகத் தட்டினேன். அலகு பட்டென்று மடங்கியது. பாதி வெண்டைக்காய் அவர் மடியில் விழுந்தது.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது இளசுங்க மாப்ள. நம்ம வெரலு அப்படியா?"

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. "உங்க வெரலு என்ன முருங்கக்காயாங்ணா? ஒண்ணு போனது பத்தாதா? அன்னிக்கு ரத்தத்தக் கழுவுனவ நானு. இன்னொருக்கா என்னால ஆகாது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விளக்கம் எட்டாத இடத்தைத் தங்கையின் பேச்சு எட்டியிருந்தது.

"செரி, புதுசு வாங்கிக்கறனுங்க. ஆனா இத வீசக் கூடாது. பூஜ போட்ட ஆயுதமுங்க."

வீசாவிட்டால் சாமி அலமாரியில் இருக்கும். புதுக் கத்தி கைக்கு எட்டாத ஒருநாள் இது எட்டும். மனிதர்களை அறிந்து எழுதிய அந்த விதி நினைவுக்கு வந்தது. கத்தியை மடக்கி, அலகையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு துளை போட்டு, ஆணி இறக்கி இரண்டு பக்கமும் தட்டி மழுக்கிக் கொடுத்தேன். இனி அதை யாராலும் திறக்க முடியாது. அவர் நகத்தால் முயன்றார், பல்லால் முயன்றார், பிறகு மரியாதையோடு எடுத்துப்போய்த் தன் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்தார்.

ஆயுத பூஜையன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். எலுமிச்சம்பழத்தை அரிவாள்மனையில் அறுத்து டிராக்டர் சக்கரத்தடியில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து, பூஜைக்கு வந்தவர்களிடம் காட்டினார்.

"ஏனுங்க, பாத்துக்கங்க. அந்தப்பாடு ஆடுன கத்தி. மாப்ள ஏதோ நோண்டுனாரு, ஆனாலும் சாமிகிட்ட வெச்சதுக்கப்பறம் துளி ஆட்டமில்ல."

மடங்கியே கிடக்கும் கத்தி எப்படி ஆடும் என்று அங்கிருந்த யாரும் கேட்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிக் குலுக்கிப் பார்த்து, "ஆமாங்க, கல்லாட்டம் நிக்குது" என்று சான்றும் கொடுத்தார்.

மச்சான் கிண்ணத்தில் சந்தனத்தைத் தொட்டு, போன வருஷம் வைத்த அதே மூட்டில், அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். ஆள்காட்டி விரலால்தான்.