வண்டி நின்றால் தள்ளுகிற ஊர்

அந்த வருஷம் நான் செங்கல்பட்டில் ஆசிரியைப் பயிற்சியை முடித்துவிட்டு, வேலைக்கு ஆணை வரும் வரை வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதை நான் அடக்கிச் சொன்னதில்லை. திருவிடந்தைக்குப் பக்கத்தில், கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருக்கும் எங்கள் குப்பத்தில் யாருக்குத் தந்தி வந்தாலும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். அதனால் ஒரு நாள் காலையில் மெட்ராஸ் கார் ஒன்று வந்து நின்று, இறங்கியவர்கள் வரைபடத்தை விரித்து இங்கிலீஷில் பேசிக்கொண்டபோதும் ஊரே என்னைத்தான் கூப்பிட்டது.

வந்தவர்கள் ஒரு மோட்டார் சங்கத்துக்காரர்கள். பல நாட்டு ஓட்டுநர்கள் கலந்துகொள்ளும் கார் ராலியில் ஒரு கட்டத்தை அடுத்த வருஷம் நம் பக்கம் நடத்தப் பார்க்கிறார்களாம். எந்த ரோடு என்று முடிவு செய்ய வெளிநாட்டிலிருந்து ஒரு துரை வரப்போகிறார். செங்கல்பட்டு ஏரியைச் சுற்றி மலையடிவாரமாகப் போகும் ரோடு ஒன்று. முட்டுக்காட்டிலிருந்து எங்கள் ஊர் வழியாக மாமல்லபுரம் போகும் ரோடு இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு ரோட்டிலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரோட்டிலும் உள்ளூர்க் கார்களை விட்டுப் பார்ப்பார்கள்.

சங்கத்தின் காரியதரிசி வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். எங்கள் ரோட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தார் ரோட்டின் பாதி அகலத்துக்கு நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் அம்மா காக்காய் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செங்கல்பட்டுதாம்மா சரி. அங்கே ரோட்டில் ஆளும் இல்லை, ஆடும் இல்லை, மீனும் இல்லை" என்றார்.

"ஆளே இல்லாத ரோட்டில் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து ஓட்டி யாருக்குக் காட்டப் போகிறீர்கள் சார்?" என்று கேட்டேன். இங்கிலீஷில்தான் கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, உங்க ஊர்ல ஒரு சோதனை மேஜை போடறோம். நீயே உட்கார்ந்து நேரம் எழுது. ஆனா ரோட்டுல ஒரு நெத்திலி இருந்தாலும் செங்கல்பட்டுதான்."

அன்றிலிருந்து செங்கல்பட்டு எனக்கு எதிரி ஊராகிவிட்டது. இரண்டு வருஷம் அங்கேதான் விடுதியில் தங்கிப் படித்தேன், ஏரிக்கரையில் சிநேகிதிகளோடு கடலை கொறித்தேன் என்பதெல்லாம் மறந்துபோனது. ராலி எங்கள் ரோட்டில்தான் வரவேண்டும். எங்கள் ஊர்ப் பெயர் வெளிநாட்டுக்காரர் வாயில் உருண்டு புரள வேண்டும்.

சனிக்கிழமை சாயந்திரம் கோயில் பக்கத்து மணலில் எல்லாரையும் உட்காரவைத்து ராலியை விளக்கினேன். ஒவ்வொரு காருக்கும் எந்த நேரத்தில் மேஜைக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். தாமதமாக வந்தால் மதிப்பெண் குறையும். முன்னாலேயே வந்தாலும் குறையும்.

என் நைனா கையைத் தூக்கினார். "இன்னா பாப்பா சொல்ற? சீக்கிரம் வந்தா தப்பா?"

"ஆமாம் நைனா. சொன்ன நேரத்துக்கு வரணும்."

"அதுக்கு இன்னாத்துக்குக் காரு? நட்ந்தே வர்லாமே."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கவலை வேறு. "ரோட்ட வுட்டுட்டா என் மீன எங்கடி காய வெக்கிறது? அந்தத் தொப்பிக்காரரு தலை மேலயா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் விடிவதற்குள் அவளே கூடையில் அள்ளி, ரோட்டைப் பெருக்கித் தண்ணீரும் தெளித்துவிட்டாள். அதோடு நிற்காமல் கோலமும் போட்டிருந்தாள்.

ஞாயிறு நன்றாகவே தொடங்கியது. வேப்பமரத்தடியில் மேஜை, ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு, என் கையில் சங்கம் கொடுத்த கடிகாரம். முதல் இரண்டு கார்களும் நேரத்துக்கு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பின. ஊர்க்காரர்கள் ரோட்டோரம் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் சமர்த்தாக நின்றார்கள். தொப்பிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூன்றாவது வண்டி ஒரு சிவப்பு ஃபியட். ஓட்டியவர் பெரிய மீசைக்காரர். பக்கத்தில் மடியில் வரைபடத்தோடு அவருடைய மனைவி. அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அதனால் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டுத் தங்கள் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுமரம் மணலில் தட்டி நின்றுவிட்டால், யாருடையது, என்ன ஏது என்று எவரும் கேட்பதில்லை. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுக்க வேண்டும். சண்டைபோட்டுப் பேச்சை நிறுத்தியவன் கூட ஓடுவான். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவன் வீட்டில் அப்புறம் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

"பாவம், நின்னுபூட்ச்சி" என்றது என் நைனாவின் குரல். நான் திரும்புவதற்குள் கயிறு கீழே கிடந்தது. இருபது பேராவது ஃபியட்டின் பின்னால் குனிந்திருந்தார்கள்.

"ஏலேலோ!"

"ஐலசா!"

"நோ! நோ!" என்று கத்தினார் மீசைக்காரர். பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் கார் என் அம்மாவின் கோலத்தின் மேல் ஏறி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. அவருடைய மனைவி வரைபடத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பதறிப்போனேன். குனிந்து பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

நைனா கையைத் தட்டிக்கொண்டே சன்னலருகில் போனார். "பயப்படாத அண்ணாத்த. வந்து சேந்துட்ட."

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. "முடிஞ்சுதும்மா. செங்கல்பட்டுதான்" என்றார். வண்டி தானாக ஓடிக் கோட்டைத் தாண்டவில்லை, பொதுமக்கள் தள்ளினார்கள் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மீசைக்காரருக்கு மதிப்பெண் குறைக்காமல் விட்டார்கள். ஆனால் தொப்பிக்காரர் ஊர்க்காரர்களைப் பார்த்து, "இனிமே எந்த வண்டியையும் யாரும் தொடக்கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னது எல்லாருக்கும் சுருக்கென்று தைத்துவிட்டது. அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

போட்டிக் கார்களெல்லாம் போன பிறகு துரையின் அம்பாசிடர் வந்தது. டிரைவர் மெட்ராஸ்காரர், எங்கள் மணலைத் தெரியாதவர். ரோட்டோரம் நிறுத்தலாம் என்று தாரிலிருந்து இறக்கினார். பின்சக்கரம் அச்சு வரை புதைந்துபோனது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க மணல் பறந்ததே தவிர வண்டி நகரவில்லை. துரை இறங்கினார். தொப்பிக்காரர் ஓடிப்போய்த் தனியாளாகத் தோள் கொடுத்தார். தொப்பிதான் விழுந்தது.

வேப்பமரத்தடியில் ஒருவரும் அசையவில்லை. உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நைனாவின் முழங்கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. அவர் அவற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இப்ப தள்ளணுமா, தள்ளக்கூடாதா? அந்தாள இங்கிலீசுல கேளு. அப்பால எங்க மேல பழி வரக்கூடாது" என்றார்.

நான் துரையிடம் போய், காலையில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கட்டுமரம், கரை வழக்கம், சிவப்பு ஃபியட், ஒன்றையும் விடவில்லை. எங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். பிறகு நேரே நைனாவின் முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

அவ்வளவுதான். தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, ஒரே 'ஐலசா'வில் அம்பாசிடரைத் தாருக்கு ஏற்றிவிட்டார்கள். துரையும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டே தொப்பிக்காரரிடம் துரை சொன்னதை நான் ஊர்க்காரர்களுக்கு உடனுக்குடன் தமிழில் சொன்னேன். போன வாரம் செங்கல்பட்டு ரோட்டில் ஒரு கார் பள்ளத்தில் இறங்கி, வெயிலில் வெகு நேரம் ஆள் தேடிக் கிடந்ததாம். கடற்கரை ரோடே இருக்கட்டும், சோதனை மேஜையை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கே போடலாம்?" என்று கேட்டார்.

எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. "ஊர் தாண்டி, தோப்பும் முடிகிற இடத்தில் போடுங்கள். அங்கே வீடு ஒன்றும் கிடையாது. வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் யார் கண்ணிலும் படாது."

தொப்பிக்காரர் உடனே வரைபடத்தில் வட்டம் போட்டார். ஊரே கைதட்டியது, நைனா ஒருவரைத் தவிர. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் காதருகே வந்தார்.

"அங்க வண்டி நெஜமாவே மாட்டிக்கினா இன்னா செய்வாங்கோ?"

"ஒன்றும் ஆகாது நைனா."

"நீ சும்மா இரு. நாங்க நாலு பேரு அந்தாண்ட போயி குந்திக்கினு இருக்கோம். கூப்டாம தொட மாட்டோம்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். துரை சிரித்துக்கொண்டே, அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் நாலு சின்னப் புள்ளிகளைத் தம் கையாலேயே வைத்தார்.