தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி

மதராஸ் மவுண்ட் ரோட்டில் துப்பாக்கி விற்கும் ஒரு கடையில் நான் வெளியூர் விற்பனையாளனாக இருந்தேன். வேலூர்க்காரன் என்பதால் காட்பாடி தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் என் தலையில் கட்டியிருந்தார்கள். விற்பதோடு வேலை முடியாது. விற்ற பொருள் மக்கர் செய்தால் நேரில் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வர வேண்டியதும் நான்தான். போகப் போக விற்கப் போன பயணங்கள் குறைந்து, சமாதானம் சொல்லப் போன பயணங்களே மிஞ்சின.

ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடிந்து கப்பலில் சரக்கு மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலம். அமெரிக்காவில் செய்த புதுமாதிரி ரைபிள் சில எங்கள் கடைக்கு வந்து இறங்கின. அதுவரை நம் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர்களிடம் இருந்ததெல்லாம் இரட்டைக்குழல் துப்பாக்கி, இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடும் ரைபிள். இது அப்படியில்லை. ஒரு முறை விசையை இழுத்தால் குண்டு போகும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை அதுவே வெளியே தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். மறுபடி விசையை இழுத்தால் போதும். கடையின் பின்கட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி எங்கள் மேனேஜரான வெள்ளைக்காரத் துரை சுட்டுக் காட்டியபோது நான் வாய் பிளந்து நின்றேன். அதை விற்பதற்கு எனக்குப் பேச்சே தேவைப்படவில்லை. விலைப்பட்டியலில் இருந்த படத்தைக் காட்டி, கையால் செய்துகாட்டினால் போதுமாக இருந்தது.

என் பக்கத்தில் அதை வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அணைக்கட்டுப் பக்கத்தில் வேர்க்கடலையும் கரும்பும் வைத்திருந்த பெரிய விவசாயி. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகளுக்காக வாங்கினார். இன்னொருவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த சாயபு. மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. அங்கே ஒரு சிறுத்தை வந்து தோப்புக் காவல்காரனின் ஆடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியதும் இரண்டு இடத்திலிருந்தும், துப்பாக்கி நடுவில் நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, எண்ணெய் அதிகமாகப் போட்டிருப்பார்கள், புழுதியில் வைத்திருப்பார்கள், துடைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார்.

முதலில் அணைக்கட்டுக்குப் போனேன். விவசாயி வலது மணிக்கட்டில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரைபிள் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. நடந்ததை மெதுவாகவே சொன்னார். கடலைக்கொல்லையில் ஒரு பெரிய பன்றி. முதல் குண்டு அதன் தொடையில் பட்டது. அது ஓடவில்லை, இவர் பக்கம் திரும்பியது. இவர் விசையை மறுபடி இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெற்றுக்கூடு பாதியில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. திரும்பி ஓடியவர் காய்ந்த கால்வாயில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். பன்றி அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"பன்னி திரும்புனப்போ இது வாயத் தொறந்துகினு நிக்குது," என்றார். "இன்னா பதில் சொல்லப் போறே?"

துரை சொல்லியனுப்பியதைச் சொன்னேன். எண்ணெய், புழுதி, துணி. நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதை நீயே எடுத்துக்கொண்டு போ என்றார். அதுவும் முடியாது. லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் சீட்டு இல்லாமல் நான் அதைக் கையில் வாங்கி ரயில் ஏறினால் அரக்கோணம் தாண்டுவதற்குள் போலீஸ் என்னைப் பிடிக்கும். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்த வீட்டில் உட்கார்ந்து களி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். அப்போதெல்லாம் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறும் வாடை வண்டிக்குள் வந்துவிடும். புதிதாக வருபவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது வேலை தொடங்கப்போகிறது என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான்.

சாயபு தன் ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிக்கும் கூடத்தில் இருந்தார். பதனிட்ட ஆட்டுத்தோல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இதை இங்கே, அதை அங்கே என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை முடியும்வரை என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, பிறகு ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போய் ரைபிளை மேஜைமேல் வைத்தார்.

நான் எண்ணெய், புழுதி என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தானே ரைபிளைக் கழற்றி, பின்பாகத்தை ஒரு வெள்ளைத் துணிமேல் தட்டினார். பழுப்பாகத் தவிடு மாதிரி ஏதோ கொட்டியது.

அதுவரை எனக்கும் தெரியாத விஷயம் அது. சுடும்போதெல்லாம் உள்ளே ஒரு கனத்த இரும்பு பின்னால் ஓடிவந்து மோதுகிறது. அந்த மோதலைத் தாங்கிக்கொள்ள, நாரை அழுத்திச் செய்த அட்டை வில்லை ஒன்றை வைத்திருக்கிறார்கள். குளிர்தேசத்தில் அது எத்தனை வருடம் இருக்குமோ, நம் வெயிலில் வறண்டு பொடிந்துவிட்டது. அந்தப் பொடிதான் உள்ளே போய் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. வில்லை இல்லாமல் இரும்பு மோதி மோதித் துப்பாக்கியின் மரக்கட்டையிலும் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அணைக்கட்டில் நடந்ததும் இதுதான் என்று அப்போதே புரிந்தது.

அன்றைக்கே துரைக்கு எழுதினேன். நான் இரண்டாவது முறை ஆம்பூருக்குப் போவதற்குள் பதில் வந்துவிட்டது. மாற்று வில்லை கையிருப்பில் இல்லை, அமெரிக்காவுக்கு எழுதியிருக்கிறோம், வரச் சில மாதங்கள் ஆகும். பொருளை வெயில் படும் இடத்தில் வைத்திருந்தது வாங்கியவரின் கவனக்குறைவு என்பது அதன் சாரம். நான் அதைச் சாயபுவிடம் தமிழில் எவ்வளவு இதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இதமாகச் சொன்னேன்.

"தம்பி, என் தோல் லண்டனுக்குப் போவுது," என்றார். "அதுல கத்தி பட்ட ஒரு கோடு இருந்தா, உண்ணி கடிச்ச ஒரு புள்ளி இருந்தா, தள்ளிவெச்சிட்டு ரேட்ட கம்மி பண்றான். ஏன்னு நா கேட்டதில்ல. என் சரக்கு, என் தப்பு. அவன் சரக்கு இங்க வந்து ஒடஞ்சா மட்டும் எங்க ஊரு வெயில் தப்பா?"

அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. வெயில் எங்கே படாது என்று சொன்னால் அங்கேயே குடிபோவதாகச் சொல்லிவிட்டு, டீ வரவழைத்தார்.

டீ குடிக்கும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. செருப்பின் அடிக்குப் போடும் தடித்த எருமைத்தோலில் ஒரு துண்டை வரவழைத்து, மடக்கிப் பார்த்து, நகத்தால் அழுத்திப் பார்த்து, வேண்டாமென்று வேறொன்று வரவழைத்தார். பொடிந்துபோன வில்லையின் மிச்சத்தை அளவுக்கு வைத்து, தானே வெட்டி, தானே உளியால் துளையிட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அவர் அதைச் செய்தபோது, அந்த அறையில் எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை ஜட்காவில் மாந்தோப்புக்குப் போனோம். மண்மேட்டில் ஒரு பழைய தகரத்தை நிறுத்திவைத்துச் சுட்டார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் தோட்டாவும் தடையில்லாமல் ஓடியது. வெற்றுக்கூடுகள் துள்ளிப் போய்க் காய்ந்த சருகில் விழுந்தன. சாயபு ரைபிளை என்னிடம் நீட்டி, என்னையும் சுடச் சொன்னார். நானும் சுட்டேன். ஷாப்புக்குத் திரும்பியதும் அணைக்கட்டுக்காரருக்காகவும் ஒரு வில்லை வெட்டிக் கொடுத்தார். நானே போய் மாட்டிவிட்டு வந்தேன். விவசாயி சிம்பு கட்டிய கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படவுமில்லை, வேண்டாமென்று தடுக்கவுமில்லை.

மதராஸ் போனதும் இதை ஒரு நல்ல செய்தியாகத்தான் துரையிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தயாரித்தவர்கள் வைத்த பாகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வாங்கியவரே போட்டுக்கொண்டால், கம்பெனியின் உத்தரவாதம் அன்றோடு செல்லாது என்றார். இனிமேல் அந்த இரண்டு ரைபிளுக்கும் நாம் பொறுப்பில்லை என்று எழுதச் சொல்லி, அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கவும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலேயிருந்து அப்படித்தான் கடிதம் வந்துகொண்டிருந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆம்பூரில் போய் இறங்கியபோது சாயபுவின் மேஜைமேல் ரைபிள் மறுபடி கழற்றிக் கிடந்தது. தோல் வில்லை எண்ணெயைக் குடித்து, ஈரத்தில் ஊதி, ஓரத்தில் பூசணம் பூத்திருந்தது. இரும்பு முழுத்தூரம் பின்னால் ஓட முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடி அதே அடைப்பு.

கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். படித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இத எடுத்துகினு இவ்ளோ தூரம் நீ வரணுமா? தபால்ல போட்டா வராதா?" என்று கேட்டார்.

நேரில் கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். "உன்னப் போட்டு பேஜார் பண்றானுங்க," என்றார். எனக்காக அவர் வருத்தப்பட்டதைத் தாங்குவதுதான் சிரமமாக இருந்தது. சிறுத்தையைப் பற்றிக் கேட்டேன். அது அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டதாம். தோப்புக் காவல்காரன் மிச்சமிருந்த ஆடுகளை விற்றுவிட்டான். அதனால்தான் வருவதில்லை என்றார்.

அணைக்கட்டுக்காரர் அந்தக் கடிதத்தை வாங்கவே இல்லை. நான் போனபோது ரைபிள் வீட்டில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, லைசென்சும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். கொல்லையில் ஆட்களை வைத்துத் தகரம் தட்டிப் பன்றி விரட்டுவதாக அவர் மனைவி சொன்னார். அவருடைய கை கூடிவிட்டது; ஆனால் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. அந்தக் கையால் எனக்கு விடைகொடுத்தார்.

மாற்று வில்லைகள் அடுத்த கோடை வந்த பிறகு கப்பலில் வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அதே பெயரில் வந்த வேறொரு பெரிய ரைபிளின் அளவு. திருப்பி அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போனேன். ஓரத்தைச் சீவினால் பொருந்துமா என்று பார்க்கலாம் என்ற நினைப்பு. சாயபு அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வுடு தம்பி. இப்ப ஒவ்வொரு தோட்டாவா கையால உள்ள வெச்சி சுடுறேன். தானா ஏத்திக்கிற துப்பாக்கிக்கு நா ஏத்திக் குடுக்குறேன். ஓடுது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று அவர் ஷாப்பில் லண்டனிலிருந்து திரும்பிவந்த ஒரு கட்டுத் தோலைப் பிரித்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அடுத்த வண்டிக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஏறிய பிறகு என் கைப்பெட்டியில் அந்த வில்லைகள் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தன. காட்பாடிக்கு வருவதற்குள், இனி இந்த வேலை என்னால் ஆகாது என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் கடையிலேயே சைக்கிள் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே மாற்றக் கேட்டேன். துரை காரணம் கேட்டார். ரயிலில் அலைந்து உடம்பு முடியவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த மாதம் அமெரிக்காவிலிருந்து திருத்திய மாதிரி என்று புதிதாகச் சில ரைபிள்கள் வந்திருந்தன. எனக்குப் பதிலாக வந்தவருக்குப் படத்தைக் காட்டிக் கையால் எப்படிச் செய்துகாட்டுவது என்பதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். திருத்தியதில் உள்ளே என்ன வில்லை வைத்திருக்கிறார்கள் என்று கழற்றிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

சைக்கிள் பிரிவில் நான் உட்கார்ந்த முதல் காலையிலேயே, செயின் கழன்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். வியர்த்திருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதலில் உட்காருங்கள் என்றேன்.