சைதாப்பேட்டைத் தேனடை

எதிர் மாடியில் தேனீப் பெட்டி வைத்திருந்த மாமாவை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இருந்த பெட்டிகள் எல்லாமே அவர் பெட்டியிலிருந்து பிரித்தவைதான், என்னுடையதும் சேர்த்து. "எல்லாம் எங்காத்துக் குழந்தைகள்" என்று பீற்றிக்கொள்வார்.

அந்தக் குழந்தைகள் ஒவ்வொரு பெட்டியாகச் செத்தன. புது ராணி வெளியே பறந்து போய்த்தான் ஆண் தேனீக்களோடு சேரும். தெரு முழுக்க ஒரே குடும்பம் என்றால் சேர்வது அண்ணன் தம்பியோடுதான். அப்புறம் இடுகிற முட்டையில் பாதி வரை வீண். அந்தப் புழுக்களை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும். கடைசியில் அவர் பெட்டியும் என் பெட்டியும்தான் மிஞ்சின. என் அடையைத் தூக்கிப் பார்த்தால் சல்லடையாக இருந்தது.

சைதாப்பேட்டையில் என் அண்ணன் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒரு கூடு இருந்தது. அதில் முட்டையுள்ள அடை ஒரு துண்டு கிடைத்தால் போதும், என் தேனீக்கள் புது ராணியை வளர்த்துக்கொள்ளும். உங்களுக்கும் ஒரு துண்டு கொண்டுவருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். படியிலேயே நிறுத்திவிட்டார்.

"சைதாப்பேட்டையா? கண்ட எடத்துப் பூச்சியெல்லாம் இங்க கொண்டு வராதேம்மா. நம்மளது சுத்தமான வம்சம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாதகம் பொருந்தியும், ஒரே கோத்திரம் என்று மகனுக்கு வந்த வரனைத் தட்டிக்கழித்த மனிதர் இவர்.

"பூச்சிக்கு மட்டும் கோத்திரம் பாக்க மாட்டீங்களா மாமா?"

கதவைச் சாத்திவிட்டார்.

அடையை ஈரத்துணியில் சுற்றித் தூக்குவாளியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தேன். பழைய ராணியை நசுக்கினேன். புது ராணி வந்தது. அது எதிர் மாடி ஆண் தேனீக்களோடுதான் சேர்ந்திருக்க வேண்டும், வேறு ஆள் ஏது. அடை நெருக்கமாக நிறைந்தது.

மழைக்கு முன்னால் மாமா எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றார். "ஆத்துப் பெட்டியில ஒண்ணுமே தங்கமாட்டேங்கறது. ஒரு துண்டு அடை கொடேன்."

"இது சைதாப்பேட்டப் பூச்சி மாமா. உங்க வம்சத்துக்கு ஆவாது."

கதவைச் சாத்தும்போது நன்றாகவே இருந்தது. மழை விடுவதற்குள் அவர் பெட்டி காலியாகி எறும்பு ஏறிவிட்டது.

போன வாரம் என் பெட்டியைத் திறந்தேன். ராணி தளர்ந்துவிட்டது, தேனீக்கள் அடுத்த ராணிக்கு அறை கட்டியிருக்கின்றன. ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று அண்ணன் வீட்டை கார்ப்பரேஷன்காரர்கள் இடித்துவிட்டார்கள், மீட்டர் பெட்டியும் அதோடு போயிற்று. இந்தத் தெருவில் இனி என் பெட்டி ஒன்றுதான். அந்த அடுத்த ராணி பறந்து போனால் காத்திருப்பது அவள் அண்ணன் தம்பிகள்தான்.

எதிர் மாடியில் மாமா, காலிப் பெட்டியின்மேல் வேட்டியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.