ஒன்று முதல் நான்கு வரை: புனேயில் ஒரு வியாழக்கிழமை

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் புனே போயிருந்தேன். ஊர் பார்க்க அல்ல, ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்காக. எந்த நிறுவனம், என்ன பாடம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு, அடுத்த ஆண்டு நான் அதைத் தாண்டிவிடுவேன், ஆகவே எனக்கு இது கடைசி வாய்ப்பு என்பது மட்டும் தெரிந்தால் போதும். குறைந்த செலவில் புனேயில் ஒரு நாளைச் சமாளிப்பது எப்படி என்று தேடி வந்தவர்களுக்கும் இதில் கொஞ்சம் பயன் இருக்கும். நான் தேடியபோது எவரும் எழுதாமல் விட்டிருந்த ஒரு விஷயம்தான் அன்று என்னைப் படுத்தியது.

சென்னையில் மதியம் ரயில் ஏறினால் மறுநாள் காலை புனே. ஸ்லீப்பரில் ஐந்நூற்றுச் சொச்சம். மேல் பெர்த் கிடைத்தது. சான்றிதழ்கள் இருந்த நீல நிறக் கோப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். சோலாப்பூர் தாண்டியபின் தூக்கம் வராமல், அழைப்புக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு வாரமாகத் தினமும் படித்த கடிதம்தான். ஆனால் அதற்கு ஒரு பின்பக்கம் உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன். அசல் சான்றிதழ்களும், கையெழுத்திட்ட நகல் இரண்டு செட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் ஒரு செட்தான் இருந்தது. அப்போது பெரிதாகப் பயப்படவில்லை. ஜெராக்ஸ் கடை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

வண்டி ஒரு மணி நேரம் தாமதம். அறை எடுக்கும் செலவை மிச்சம் பிடிக்க, ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டேன். சுத்தமாகவே இருந்தது. பையை அங்குள்ள பொருள் வைப்பு அறையில் கொடுத்தேன். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், வீட்டிலிருந்தே சின்னப் பூட்டு ஒன்று கொண்டுபோங்கள். இரவு தங்குவதற்கு வானவடியில் மீனா அக்கா வீடு. மீனா அக்கா என் தோழியின் பெரியம்மா மகள். திருநெல்வேலிக் குடும்பம். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேதான், இப்போது வங்கியில் இருக்கிறார். போனில் இரண்டு முறை பேசியிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத வீட்டில் தங்கப்போகும் கூச்சம் வேறு எனக்கு.

சான்றிதழ் சரிபார்ப்பு இரண்டரை மணிக்கு, நேர்முகம் மூன்றுக்கு. மெட்ரோவில் மாநகராட்சி நிலையம் வரை போய், பதினைந்து நிமிடம் நடந்து, பழைய புத்தகக் கடைகள் நிறைந்த அப்பா பல்வந்த் சௌக் சேர்ந்தேன். மெட்ரோவுக்கு நான் கொடுத்தது பதினைந்து ரூபாய். அந்தப் பக்கம் போகத் தேவையே இல்லை. புத்தகமும் பார்க்கலாம், நகலும் எடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான்.

சதாசிவ் பேட்டையில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடை. மேலே வீடு, கீழே கடை. அறுபது வயது மதிக்கத்தக்க கடைக்காரர் இருட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் பேசும் இந்தி பரீட்சைக்குப் படித்தது. அதில்தான் பேசினோம்.

"கரண்ட் இல்ல. இன்னிக்கு வியாழக்கிழமை ஆச்சே," என்றார். அந்தப் பகுதியில் பராமரிப்புக்காக வியாழனன்று மின்சாரம் நிறுத்துவார்களாம்.

"எப்ப வரும்?"

"பன்னண்டரைக்கு வந்தா நல்ல நாள். வெச்சுட்டுப் போங்க, எடுத்து வைக்கிறேன்."

சுற்று வட்டாரம் முழுக்க இருட்டு என்பதால் வேறு கடை தேடுவதிலும் அர்த்தமில்லை. கோப்பைக் கொடுத்துவிட்டு, தெருமுனையில் தொண்ணூறு ரூபாய்க்கு மிசல் சாப்பிட்டேன். முளைகட்டிய பயறுக் குழம்பின்மேல் மிக்சரைத் தூவி, பாவ் ரொட்டியோடு தருவார்கள். காரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் நின்றபடி, யாரோ ஒருவர் ஓரமெல்லாம் பென்சிலால் சண்டை போட்டு வைத்திருந்த வரலாற்று நூலொன்றைப் படிக்க ஆரம்பித்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியதுகூட மண்டையில் ஏறவில்லை.

திரும்பிப் போனபோது மணி ஒன்று பத்து. ஷட்டர் இறங்கியிருந்தது.

ஷட்டரில் மராத்தியில் ஒரு பலகை. இந்தி எழுத்தேதான், பாதிச் சொற்களும் இந்திதான் என்பதால் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன்: 'மதியம் 1 முதல் 4 வரை கடை மூடியிருக்கும். இந்த நேரத்தில் மணியை அடிப்பவருக்கு நாளையும் மூடியிருக்கும்.' கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்தேன். ஷட்டருக்கு உள்ளேதான் மணி அடித்தது.

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண்மணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்கே என்று கேட்டேன்.

"காகா வாமகுக்ஷியில இருக்காரு." காகா என்றால் சித்தப்பா, வாமகுக்ஷி என்றால் சாப்பிட்டபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதாம். கையால் செய்தே காட்டினார்.

"என் சர்டிபிகேட் எல்லாம் உள்ள இருக்கு."

"அப்ப பயமே இல்ல. நாலு மணி வரைக்கும் யாரும் தொட முடியாது," என்றார், ஆறுதல் சொல்லும் குரலிலேயே.

படியேறி வீட்டு வாசல்வரை போனேன். அழைப்பு மணிமேல் விரலையும் வைத்தேன். அழுத்தத் தைரியம் வரவில்லை. யாரிடமும் உதவி கேட்பது எனக்குச் சுலபமல்ல, ஆனாலும் வேறு வழி தெரியாமல் மீனா அக்காவை அழைத்தேன்.

"நீ எங்க நிக்க பிள்ள? சதாசிவ் பேட்டா? அரே, அங்க ஒண்ணுலருந்து நாலு பூரா பந்த்லா. ஒருத்தரும் சொல்லலயா ஒனக்கு?"

"ஜெராக்ஸ் கடை கூடவா அக்கா?"

"ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தூக்கம் வராதாக்கும்? மணிய அடிச்சிட்டியா?"

"இல்ல."

"நல்லவேள. அடிச்சிருந்தா அந்தாளு போர்டுல எழுதிருக்கத அப்படியே செஞ்சிருவாரு. சரி, நீ நேரா இன்டர்வியூக்குப் போ. உள்ளத உள்ளபடி சொல்லு."

"யாரு அக்கா நம்புவாங்க? பையோட திருடு போயிருச்சுன்னு சொல்லிரட்டா?"

"லூசு. ரயில்ல களவு போச்சுன்னா போலீஸ் சீட்டு கேப்பாங்க. கடை பந்த்னா புனேல ஒருத்தனும் சாட்சி கேக்க மாட்டான். போ."

ஆட்டோ மீட்டரில் எழுபத்தெட்டு ரூபாய் ஆனது. போகும் வழியெல்லாம் திருட்டுக் கதையைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உண்மை அவ்வளவு அற்பமாக இருந்தது. முதுகலை முடித்து, இத்தனை படித்து, கடைசியில் ஒருவர் பகல் தூக்கம் போட்டதால் வாய்ப்பை விட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சரிபார்ப்பு மேசையில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள். எனக்கு முன்னால் நின்ற பையனிடம் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கே கடுகடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"ஒரிஜினல்?"

ஒத்திகை பார்த்த கதை தொண்டைவரை வந்தது. "சதாசிவ் பேட்டையில ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்கு மேடம். கடை மூடிட்டாங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

"மணி அடிச்சியா?"

"இல்ல மேடம்."

"புத்திசாலி." பட்டியலில் என் பெயரை அடித்து, கடைசியில் எழுதினார். "நாலரைக்கு இங்க இருக்கணும், ஒரிஜினலோட. கமிட்டி அஞ்சு மணிக்குக் கலைஞ்சுரும். வரலேன்னா ஆப்சென்ட்தான், அதுக்கு மேல என்னால முடியாது."

நான்கு மணிக்குக் கடை திறக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மாலை நெரிசலில் நாலரை கிலோமீட்டர் வர வேண்டும். அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மறுபடி ஆட்டோ பிடித்து, மூன்று மணிக்கெல்லாம் ஷட்டர்முன் போய் நின்றேன். தெருவே தூங்கியது. ஒரு நாய் கூட எழுந்து பார்க்கவில்லை. அவர் இன்று கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால்? கரண்ட் வந்தது தாமதமாகி, நகலே எடுக்காமல் போயிருந்தால்? கோப்பை மேசைமேலேயே வைத்திருந்து, எலி? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு என் தலையில் பஞ்சமே இருந்ததில்லை.

பக்கத்துத் தெருக் கோயிலில் மணி அடித்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைக்காரர் இறங்கி வந்தார், கையில் என் நீலக் கோப்பு.

"ஒண்ணு அஞ்சு வரைக்கும் பார்த்தேன். உங்களுக்காக அஞ்சு நிமிஷம் லேட்டா மூடினேன்," என்றார், அது ஒரு சரித்திரச் சலுகை என்பதுபோல. "ஒரிஜினலை முன்பின் தெரியாத கடையில யாராவது விட்டுட்டுப் போவாங்களா? மேல எடுத்துட்டுப் போய் பீரோவுல வெச்சுப் பூட்டினேன்."

நகல் தயார். வாங்கிக்கொண்டு திரும்பினால், வந்த இரண்டு ஆட்டோவும் அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டன. மூன்றாவதைத் தேடி முக்குக்கு ஓடும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்து நின்றது. ஓட்டியவர் கண்கள் மட்டும் தெரியும்படி முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தார். புனேயில் வண்டி ஓட்டும் பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். நான் விலகிப் போகப் பார்த்தேன்.

"எங்க ஓடுத? ஏறு பிள்ள."

"அக்கா, பேங்க்?"

"மேனேஜர்ட்ட உள்ளத சொன்னேன். சிரிச்சிட்டுப் போகச் சொல்லிட்டாரு. கோப்ப நெஞ்சோட சேத்துப் புடி, கேள்வி அப்புறம்."

இரண்டு சிக்னல், ஒரு தப்பான சந்து, நடைபாதைமேல் பத்தடி. நாலு இருபத்தைந்துக்கு வாசலில் இறக்கிவிட்டார். கண்ணாடி அம்மாள் கோப்பைப் புரட்டியபடி, "நாலுக்குத் திறந்தாரா?" என்று கேட்டார்.

"சரியா நாலுக்கு."

"பின்னே," என்று முத்திரை குத்தினார்.

உள்ளே நடந்ததை எனக்குள் வைத்துக்கொள்கிறேன். நாள் முழுவதும் பயந்து தீர்ந்துவிட்டதால், அந்த அறைக்குள் பயப்பட எதுவும் மிச்சமில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இரவு அக்கா வீட்டில் ரசம் சாப்பிடும்போது அந்தத் திருட்டுக் கதையை நினைத்துப் பார்த்தேன். எந்த ஊரிலும் நம்மை முதலில் சந்தேகிப்பார்கள் என்றுதான் நான் பழகியிருந்தேன். என் உண்மையை அந்த ஊர் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கும் என்று எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

போகிறவர்களுக்கு: பழைய பேட்டைகளில் எந்த வேலை இருந்தாலும் ஒரு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், வியாழன் என்றால் இன்னும் முன்னால். ஆட்டோ மீட்டர் நியாயமாகவே ஓடுகிறது, ஆனால் நான்கு மணிக்கு மேல் கிடைப்பது கஷ்டம். சாப்பாடு, மெட்ரோ, இரண்டு ஆட்டோ, குளியல் எல்லாம் சேர்த்து அன்றைய செலவு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது, அதில் பாதி என் கவனக்குறைவுக்கான கட்டணம். கடிதங்களின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். மணியை அடிக்காதீர்கள்.

ஜூலையில் மறுபடி புனே போகிறேன். இந்த முறை திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.