பின்னல் வீட்டுக் கோடுகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நால்வர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது, என்னைவிடப் பதினான்கு வயது இளைய என் தங்கச்சி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன், அவளை நிற்கவிடவில்லை. இன்று அவள் டேனிஷ் பேசினால் டேனிஷ்காரரே திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொல்லச் சொல்ல இதை என் பேத்தி எழுதுகிறாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் வீடு வாங்கியது நான்தான். வைலே நகரில், செங்கல் வீடு, நேரான சுவர், நாலு பக்கமும் புல். தைப்பொங்கலுக்கு எல்லோரும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். போன வருடம் தங்கச்சி றீபே நகரில் ஒரு பழைய வீட்டை வாங்கினாள். "இந்த முறை பொங்கலை அங்க வைப்பமே, அம்மா?" என்று என் மூத்த மகனே கேட்டான். ஓம் என்றேன். அன்று என் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீட்டு வரிசையில் அவளுடையது முதலாவது. மரச்சட்டங்களைப் பூட்டி நிறுத்தி, இடையில் குச்சி பின்னி மண் அப்பிய வீடு. அதை டேனிஷில் 'பின்னிங்ஸ்வேர்க்' என்பார்கள். என் காதில் 'பின்னல்' என்றே விழுந்தது, அப்படியே வைத்துக்கொண்டேன். கறுப்புச் சட்டம், நடுவில் மஞ்சள் சுண்ணாம்பு. மேல்மாடி தெருவை எட்டிப் பார்ப்பதுபோல ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி நிற்கும். வாசலில் குனியாவிட்டால் நெற்றி வீங்கும். உள்ளே தும்மினால் அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அப்பால் 'புறோசிட்' என்று வாழ்த்துவார். ஆனாலும் தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். என் வீட்டை ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு, பயத்தம் பணியாரம் சுட என்னை அங்கே கூட்டிப் போனார்கள். குசினியில் ஒரு வெங்காயம் கை தவறி விழுந்தது. அது தானாகவே உருண்டு கதவடிக்குப் போய் நின்றது.

"வீடு சரிஞ்சு கிடக்குது, பிள்ளை" என்றேன்.

"சரிவில்லை, அக்கா. பழமை."

"என்ர முழங்காலும் பழமைதான். ஒருத்தரும் வந்து படம் எடுக்கேல்லை."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் தேத்தண்ணி குடிக்கும் நேரம் நான் கூடத்துக்குப் போய்க் குறை தேடினேன். பின்சுவரில் ஆறு மரத்தூண்கள். முதல் தூணின் கால்மாட்டில் உளியால் வெட்டிய ஒரு கோடு. அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. நாலாவதில் நாலு. ஐந்தாவதில் இரண்டு கோடுகள் மேலே விரிந்து, கால் சேர்ந்து நின்றன. ஆறாவதில் அதோடு இன்னொன்று.

எனக்கு உடனே விளங்கியது. மரச்சாமான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று கட்டில் கால்களில் கோடு போட்டவள். இந்த வீட்டையும் முதலில் நிலத்தில் கிடத்தி வெட்டி, கோடு போட்டு, பிறகுதான் நிமிர்த்திப் பூட்டியிருக்கிறார்கள்.

அப்போது தங்கச்சியின் மனுசன் மர ஓட்டை அடைக்கிற பசையோடு வந்தார். "எலி கடிச்ச இடமெல்லாம் அடைச்சுப் பெயின்ற் அடிக்கப் போறன், மச்சாள்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. முதல் தூணின் கோடு மறைந்தது. இரண்டாவது மறைந்தது. அடை, நல்லாய் அடை என்று மனது சொன்னது. மூன்றாவதும் மறைந்தது. நாலாவதில் குனிந்தார். அதில் கடைசிக் கோடு சற்று வளைந்திருந்தது. வெட்டியவனுக்குக் கை வழுக்கியிருக்கிறது. பின்னேரமானால் எனக்கும் அப்படித்தான் வழுக்கும்.

"கையை எடும், தம்பி!"

தங்கச்சி ஓடி வந்தாள். "என்னக்கா, பாம்பைக் கண்ட மாதிரி?"

"அது எலியில்லையடி, இலக்கம். பழைய மணிக்கூட்டில இருக்கிற மாதிரி." ஒவ்வொன்றாய்க் காட்டினேன்.

அவள் நிலத்தில் குந்தியிருந்து விரலால் தடவிப் பார்த்தாள். "மூண்டு பாஷை வாசிக்கிறன், இதை வாசிக்கத் தெரியேல்லையே எனக்கு" என்றாள். அந்தச் சொல்லை இரண்டு நாள் வைத்து மென்றேன்.

பொங்கலன்று எல்லோரும் அந்தத் தூண்களைச் சுற்றித்தான் நின்றார்கள். பணியாரத்தை ஒருவரும் புகழவில்லை. அடுத்த பொங்கலும் அங்கேதான் என்று முடிவாயிற்று. அந்த வீட்டை நானே இன்னும் ஒரு படி உயர்த்திவிட்டேன்.

முதல் மூன்றும் எங்கே என்று யாரோ கேட்டார்கள். "அக்கா காண முந்தி இவர் அடைச்சுப் போட்டார்" என்று தங்கச்சி சொல்லி, முதல் கிண்ணம் பொங்கலை என் கையில் தந்தாள். நான் அதைத் திருத்தாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

"அம்மம்மா, இதையும் எழுதவோ?"

எழுது. எழுதினியே? இப்ப முதல்ல இருந்து வாசி, பிள்ளை. அந்த மூண்டு தூணும் வாற இடத்தில விழுங்காமல் வாசி. நாளைக்கு என்ர தங்கச்சிக்கு, உன்ர சின்னம்மம்மாவுக்கு, நீதான் அதை வாசிக்கப் போறாய்.