கோப்பை மார்க் கிட்டார்

மயில்சாமியிடம் நான்கு கிட்டார்கள் இருக்கின்றன. நான்கிலும் கம்பெனி பெயர் கிடையாது. நான்கையும் செய்தவர் காத்தான், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தச்சர். இந்த மூன்று செய்திகளையும் மயில்சாமி யாரைப் பார்த்தாலும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுவார். அவருக்குக் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கும் வேலை. பண்ணைக்காரர் கோழிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஆரம்பித்தால், இவர் "கொரல் எப்புடிங்க வருது?" என்று கேட்டு அங்கிருந்து கிட்டாருக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. ஒரு விடுதிப் பள்ளியில் தமிழாசிரியன். பகலெல்லாம் நூற்றைம்பது பிள்ளைகள் ஒரே பாடத்தைக் கத்தி மனப்பாடம் செய்வதைக் கேட்டுவிட்டு, காது கொஞ்சம் ஓயட்டும் என்று வீட்டுக்கு வருவேன். சரியாக ஆறு மணிக்கு மாடியில் மயில்சாமி ஆரம்பிப்பார். ஐம்பது வயதாகிறது, பதினோரு வருடமாக வாசிக்கிறார், ஒரு பாட்டை முழுதாக முடித்து நான் கேட்டதில்லை. பாதியில் விரல் எங்கேயோ போய்விடும். "அட ச்சே" என்பார். திரும்ப முதலிலிருந்து வருவார். அந்த "அட ச்சே" மட்டும்தான் எப்போதும் சுருதி பிசகாமல் இருக்கும். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். சாத்துவது அவருக்குக் கேட்க வேண்டும் என்று சற்று ஓங்கியே சாத்துவேன்.

காத்தானிடம் அவர் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வேகத்தடைதான் காரணம். கடையில் வாங்கிய முதல் கிட்டாரை மருந்துப் பெட்டியோடு சேர்த்து பைக்கில் கட்டிக்கொண்டு வாழப்பாடிப் பக்கம் போனபோது வண்டி எகிறி, கிட்டாரின் கழுத்து முறிந்தது. ஒட்டித் தர ஊரில் ஆள் இல்லை. மரம்தானே என்று லாரி பட்டறைக்குத் தூக்கிப் போனார். காத்தான் அதைக் கவிழ்த்துப் பார்த்து, நடு ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவி, "ஏனுங்க, இது வெறும் பிளைவுட்டுங்க. இதுக்குப் போயி யாரு மெனக்கெடறது? நானே புதுசா பாடி கட்டித் தாரனுங்க" என்றாராம்.

பட்டறையில் எதையும் செய்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். கட்டுகிறோம் என்றுதான் சொல்வார்கள். மயில்சாமிக்கும் அது தொற்றிக்கொண்டது. "பாடி கட்டக் குடுத்திருக்கறனுங்க" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவர, லாரி வாங்கிவிட்டார் என்று நினைத்து இரண்டு பேர் மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் ஓட்டுநர் வேலைக்குத் தன் மைத்துனனையும் கூட்டி வந்திருந்தார்.

முதல் கிட்டாரை லாரி மாதிரியேதான் காத்தான் கட்டினார். இரும்புப் பட்டை வைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அதை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். இரண்டாவதில் போல்ட் போனது. மூன்றாவதில் பட்டை போனது. மனிதர் ஒவ்வொன்றிலும் எதையாவது கழற்றிக்கொண்டே வந்தார். கிட்டாரின் பக்கவாட்டுப் பலகை இடுப்பு மாதிரி வளைய வேண்டும் அல்லவா? அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நானே நேரில் பார்த்தேன். பட்டறைக்கு வந்த லாரி ஒன்றை அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, கொதிக்கும் சைலன்சர் குழாயின் மேல் ஈரமான வேங்கைப் பலகையை அழுத்தினார். பலகை வெண்ணெய் மாதிரி வளைந்தது. டிரைவர் டீசல் போகிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான்காவதுதான் விஷயம். ஒரு பெரிய பண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து முட்டை தரம்பிரிக்கும் இயந்திரம் வந்தது. அது வந்த மரப்பெட்டியின் பலகைகளை மயில்சாமி கெஞ்சி வாங்கி வந்தார். வெளுத்த மரம். நெருக்கமான நேர் ரேகை. தட்டினால் கணீரென்றது. காத்தான் அதைச் சீவி முன்பலகையும் பின்பலகையுமாகப் போட்டார். பின்பலகையில் கறுப்பு மையில் பெட்டிக்கார முத்திரை ஒன்று விழுந்திருந்தது. காலுள்ள ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம், பக்கத்தில் அறுபட்ட பாதிக் குடை. அழகாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒட்டிவிட்டார். ஓட்டை வழியே பார்த்தால் கோப்பை தெரியும்.

"வாத்தியாரே, இது வேற மாதிரிங்க" என்று மயில்சாமி அன்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. வாசித்துக் காட்டினார். "அட ச்சே" வரை கேட்டேன். எனக்கு வேறு மாதிரி எதுவும் தெரியவில்லை.

வருத்தம் என்னவென்றால், செய்த காத்தானுக்கும் தெரியவில்லை. போன வைகாசியில் அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "போதுமுங்க. நீங்க வாசிக்கறதக் கேட்டுட்டுத்தான சொல்றன்? தகரத்துல சரளையக் கொட்டுனாப்புல இருக்குது. எனக்கு லாரிதாங்க வரும், இது வராது." அந்தப் பெட்டிப் பலகையில் இன்னும் ஒரே ஒரு கிட்டாருக்கு ஆகும் அளவு மிச்சம் இருந்தது. அவருடைய மனைவி சென்னியம்மாள் வாசலில் செருப்பு வைக்க ஸ்டாண்டு கேட்டு ஆறு மாதமாகிறது. திங்கட்கிழமை அறுத்துவிடப் போவதாகக் காத்தான் சொன்னார்.

மயில்சாமி பதறிப்போனார். அப்படி ஒரு மரம் இனி எந்த ஜென்மத்தில் வரும் என்றார். அதில் செருப்பா என்றார். காத்தான் கடைசியில் ஒரு படி இறங்கி வந்தார். "வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராச்சும் நல்லாருக்குதுன்னு சொல்லட்டுமுங்க. அப்பறம் பாக்கலாம். ஞாயித்துக்கெழம சேலத்துல ஒரு காதுகுத்து இருக்குது, முடிச்சுட்டு அங்க வாரன்."

அங்கே என்றது சேலத்தில் கிட்டார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் இடம். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. அங்கே ஒரு வழக்கம். எழுந்து நின்று முதலில் கிட்டாரின் கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் வாசிக்க வேண்டும். மயில்சாமி ஏற்கெனவே இரண்டு முறை எழுந்து "நாமக்கல் காத்தானுங்க" என்று சொல்லி, இரண்டு முறையும் "சரி சரி, நேரமிருந்தா பாக்கலாம்" என்று உட்கார வைக்கப்பட்டவர். உட்கார வைத்தவர் மாதேஷ், சங்கத் தலைவர், நூல் மில்காரர். வீட்டில் பதினேழு வெளிநாட்டுக் கிட்டார்கள் வைத்திருக்கிறார். ஜாதகம் பார்க்கிற தோரணையில் எல்லார் கிட்டாரையும் வாங்கிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் கிளம்பினோம். முன்னால் மயில்சாமி, பின்னால் நான், நடுவில் நான்காவது கிட்டார். அது என் தாடையில் இடித்துக்கொண்டே வந்தது. துணைக்கு நான் ஏன் போனேன் என்று கேட்டால், பாவமாக இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த மனிதர் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மயில்சாமியின் முறை வந்தது. எழுந்தார். நா ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை காத்தான் பெயர்கூட வரவில்லை. மாதேஷ் சலிப்போடு கிட்டாரை வாங்கி, போன் வெளிச்சத்தை ஓட்டைக்குள் அடித்தார். அப்படியே நின்றார்.

"கோப்பை மார்க்கா?"

மயில்சாமி விழித்தார்.

"இந்த மார்க்கை நான் இன்னும் நேர்ல பார்த்ததில்லை. சின்னப் பட்டறையா இருக்கும். வருசத்துக்குப் பத்துப் பதினஞ்சுதான் செய்வாங்க. பாருங்க, கையாலேயே பதிச்சிருக்காங்க" என்றார் மாதேஷ். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வெளிநாட்டுல இருந்து எப்படிங்க கொண்டாந்தீங்க?"

மயில்சாமிக்குப் பொய் சொல்ல வராது. "முட்டை மிஷினோட வந்துச்சுங்க" என்றார்.

"மிஷினோட சேர்த்தா? தனியா பெட்டி போட்டு அனுப்பலையா?"

"பெட்டியே இதுதானுங்க."

"அதான பார்த்தேன். பெட்டிகூட இல்லாம அனுப்பியிருக்காங்க" என்று மாதேஷ் அந்தக் கம்பெனியின் எளிமையை வியந்தார். மயில்சாமி மேலும் விளக்க வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். இருபது வருடம் வகுப்பில் வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். வெட்கப்பட வேண்டும். ஆனால் வெட்கமாக இல்லை, கொஞ்சம் குதூகலமாகவே இருந்தது.

"இதையெல்லாம் வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சாத்தான் மரியாதை" என்று சொல்லி மாதேஷ் அதை ஹஃப்சாவிடம் கொடுத்தார். ஹஃப்சா வங்கியில் அதிகாரி. அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று மயில்சாமி முன்பே சொல்லியிருக்கிறார். அவர் தந்திகளைச் சுருதி கூட்டும்போது என் போன் அடித்தது. காத்தான் கீழே வந்துவிட்டார். கூட்டிவரப் போனேன்.

காதுகுத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டியும் கையில் தாம்பூலப் பையுமாகக் காத்தான் படியடியில் நின்றார். "மேல பெரிய ஆளுகளா இருக்காங்களாட்டிருக்குதுங்க. நான் இங்கயே இருக்கறன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மாடி ஜன்னலிலிருந்து வாசிப்பு கேட்க ஆரம்பித்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு சத்தமும் உருண்டு திரண்டு வந்து, தெருவில் நின்று, நிதானமாகக் கரைந்தது. காத்தான் பையைப் படியில் வைத்தார். வாசிப்பு முடியும்வரை அந்த ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார்.

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா? இதுதானுங்க கிட்டாரு. நம்முளது எந்தக் காலத்துல இப்புடி வரும்? மயில்சாமிகிட்ட நீங்களே சொல்லீருங்க, நாளைக்கு நான் பலகைய அறுத்தர்றன்."

"காத்தான், அது உங்க கிட்டாரு" என்றேன்.

"வெளையாடாதீங்க."

"நாலாவது. வந்து பாருங்க."

"அதை நான் கேட்டிருக்கறனுங்க. அது இப்புடி வராது" என்றார், என் மேல் கோபமாகவே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதவருகே வந்ததும் ஹஃப்சாவின் மடியில் இருந்ததைப் பார்த்தார். பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளே ஹஃப்சா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "மாதேஷ் சார், எங்க அத்தாவுக்குக் கண்ணாடிக் கடை. கடைக்கு வர்ற ஒவ்வொரு பெட்டியிலயும் இந்தக் கோப்பை இருக்கும். உடையுற சாமான், பாத்துத் தூக்குன்னு அர்த்தம். குடை போட்டிருந்தா நனைக்காதேன்னு அர்த்தம்." அறையில் சிரிப்பு வெடித்தது. மாதேஷ் முகம் சிவந்துபோனது. ஹஃப்சா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா நான் வாசிச்சதுல இது மாதிரி ரெண்டுதான் இருக்கும். யார் செஞ்சது?" என்றார்.

மயில்சாமி கதவுப் பக்கம் கை காட்டினார். காத்தான் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மாதேஷைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தான் புகழ்ந்ததை அவர் திரும்ப வாங்கவில்லை. சிவந்த முகத்தோடே காத்தானிடம் வந்து, "பக்கவாட்டுல என்ன மரங்க? எப்படி வளைச்சீங்க?" என்று கேட்டார். காத்தான் சைலன்சர் கதையைச் சொல்ல, மாதேஷ் அதைக் குறித்துக்கொண்டார்.

இவ்வளவு கலகலப்பிலும் மயில்சாமி தனியாக ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. கம்பெனி பெயர் இல்லாததால்தான் அந்தக் கிட்டாரை யாரும் மதிக்கவில்லை என்று இதுவரை நினைத்திருந்தவர், ஹஃப்சா வாசித்த ஐந்து நிமிடத்தில் உண்மைக் காரணத்தைத் தெரிந்துகொண்டுவிட்டார். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாத்திய ஜன்னல்களெல்லாம் எனக்கு அப்போது உறைத்தன.

காத்தான் அவரிடம் போனார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மயில்சாமி, செஞ்ச எனக்கே தெரியலீங்க. உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

"வாசிச்சப்பத் தெரிஞ்சுதுங்க."

"யாரு வாசிச்சப்ப?"

"நான்தானுங்க."

"நீங்க வாசிச்சு, அதுலயும் உங்களுக்கு இது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. மொத நாளே கேட்டுச்சு."

காத்தான் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பட்டறைக்காரர் அப்படியெல்லாம் செய்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நாளைக்குக் காலையில பட்டறைக்கு வந்துருங்க. அஞ்சாவது கட்டலாம். பலகையத் தட்டித் தட்டிக் காட்டறன், எது ஆகும் எது ஆகாதுன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லோணும். இந்தக் காது எனக்கு இல்லீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, கெஞ்சுகிற குரலில் சேர்த்துக்கொண்டார். "வாசிக்க மட்டும் வேண்டாமுங்க."

மயில்சாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செரிங்க" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சரி சொல்லி நான் கேட்டதேயில்லை.