பின்சீட்டுத் தலையணை

என் ஆட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கிற இடத்தில், ஒரு தலையணை கிடக்கிறது. ரோசாப்பூப் போட்ட உறை. தோய்த்துத் தோய்த்துப் பூக்கள் வெளிறிப் போய்விட்டன. ஏறுகிறவர்கள் கண்டுவிட்டால், “என்ன தம்பி, ஆட்டோவுக்கையே குடித்தனமோ?” என்று பகிடி விடுவார்கள். நானும் சிரித்து வைப்பேன். அது தலைவி அக்காவின் தலையணை.

எங்கள் ஊர் பூநகரிப் பக்கம், நீரேரிக்கும் வயலுக்கும் இடையில் இருக்கிறது. மாதர் சங்கத்துக்குத் தலைவியாக வந்தபடியால் ஊர் அவரைத் தலைவி அக்கா என்றே கூப்பிட்டது. எந்தக் கூட்டமென்றாலும் முன்வரிசையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். நான் பள்ளிக்கூடத்தை அரைவழியில் விட்டவன். படித்ததெல்லாம் பின்சீட்டில் இருந்து வந்த கதைகளில்தான். அந்தப் படிப்பில் பாதி அக்காவினுடையது. “அதிகாரிமார் தலையை ஆட்டினா நம்பாதை தம்பி, ஃபானும்தான் நாள் முழுக்க ஆட்டுது” என்பார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கதை வந்தால் அவர் சிரிக்க மாட்டார். அவருடைய வீட்டுக்காரருக்கு, எங்களுக்கெல்லாம் அண்ணை, தொய்வு; மூச்சு இழுக்கிற வருத்தம். மழை தொடங்கினாலும் இழுக்கும், வயலில் நெல்லுச் சூடடித்துத் தூசி கிளம்பினாலும் இழுக்கும். ஊரில் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஒரே ஒரு வாட்டு, சில கட்டில்கள், மூலையில் ஓர் ஒட்சிசன் சிலிண்டர். அண்ணையை ஏற்றிக்கொண்டு ஓடினால், ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்குள் முகத்தில் குழாயை வைத்துவிடுவார்கள். விடிய நான் போய்ப் பார்த்தால் மனிதர் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார். “அந்தச் சிலிண்டர்தானடா தம்பி என்ரை தாலிக்கொடி” என்பார் அக்கா.

அந்த நேரத்தில்தான் சுகாதாரத்தை மாற்றியமைக்கும் கதை எல்லா இடமும் அடிபட்டது. சின்ன ஆஸ்பத்திரிகளில் நோயாளர் தங்குகிற வாட்டு விடுதிகளை மூடி, பகலில் மருந்து கொடுப்பதோடு நிறுத்தி, ஆளணியையும் கருவிகளையும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பலப்படுத்த வேண்டும் என்றது ஒரு பக்கம். இலவச வைத்தியத்தைத் துண்டு துண்டாகத் தனியாருக்குக் கொடுக்கிற முதல் படி இதுதான் என்றது மற்றப் பக்கம். தேர்தலும் நெருங்கியிருந்தது. காலையில் ஒரு கட்சிக்கும் பின்னேரம் மற்றக் கட்சிக்கும் என் ஆட்டோவில்தான் ஒலிபெருக்கி கட்டினார்கள். இரண்டு கதையும் எனக்குப் பாடம். இரண்டிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்தான் இரண்டிலும் இல்லை.

எங்கள் இளம் டொக்டர் நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரி முற்றத்தில் நடந்த கூட்டத்தில் ஒளிக்காமல் சொன்னார்: “அம்மா, நான் தனி ஆள். வெளிநாட்டுக்குப் போன டொக்டர்மாரின்ரை இடத்துக்கு ஆளில்லை. பத்து இடத்தில அரைகுறையா வைச்சிருக்கிறதை விட, ஓரிடத்தில முழுசா வைச்சிருந்தா கனபேர் தப்புவினம்.”

அக்கா எழும்பினார். “தப்புவினம் ஐயா. அங்க போய்ச் சேந்தாத்தானே தப்புவினம்?”

முற்றம் கைதட்டியது. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நாளில், நோயாளர் குறைந்த விடுதிகளைப் பார்வையிட மாகாணத்திலிருந்து அதிகாரி ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டோம். உடனே அக்கா வீடு வீடாகப் போனார். நாங்கள் சண்டை முடிந்து முகாமில் இருந்து வந்த சனம். அங்கே தலையை எண்ணித்தான் அரிசி, தலையை எண்ணித்தான் கூடாரம். எண்ணுகிற நேரத்தில் குளிக்கப் போனவனுக்கு அன்றைக்குப் பங்கில்லை. அந்தப் பழக்கம் எங்கள் எலும்புக்குள் இறங்கிவிட்டது. “எண்ண வாறாங்கள். கட்டில் வெறுமையா இருந்தா வாட்டுப் போச்சு. எல்லாரும் வந்து படுங்கோ” என்றார் அக்கா. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் வருவதற்கு முதல் நாளே வயிற்றுக்குத்து, தலைச்சுற்று, நாரிப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு சனம் போய் நின்றது. டொக்டர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டில் கொடுத்தார். அவரவர் தலையணை, அவரவர் சுடுதண்ணிப் போத்தல். ஒரு மாமி கோயிலுக்குப் போகிற சேலையோடும் பூவோடும் வந்து படுத்தார். “ஏனணை, செத்தவீட்டுக்கோ கலியாணவீட்டுக்கோ வந்தனீங்கள்?” என்று கேட்டேன். “பெரிய மனிசர் வாற இடம், அழுக்காப் படுக்கேலுமே!” என்றார்.

உண்மையான நோயாளி மட்டும் வரவில்லை. அன்றைக்கு அண்ணைக்குச் சுகம். “வராத இழுப்பை நான் எப்பிடியடியப்பா இழுத்துக் காட்டுறது?” என்று வயலுக்குப் போய்விட்டார். அவருக்கென்று கொண்டுவந்த ரோசாப்பூத் தலையணையோடு அக்காவே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

அதிகாரி மரியாதையான மனிதர். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்றார், விசாரித்தார், சிலருக்குத் தானே நாடியும் பிடித்தார். நாங்கள் தலையை எண்ணுவார் என்றிருந்தோம். அவரோ ஆளுக்கு என்ன வருத்தம் என்று எடைபோட்டார். கடைசியில் டொக்டரைப் பார்த்து, “இதில் ஒருவருக்கும் விடுதி தேவையில்லையே. பகலில் வந்து மருந்தெடுத்துக்கொண்டு போகலாம்” என்றார்.

அக்கா கட்டிலில் எழும்பி இருந்தார். நடித்தோம் என்று சொன்னால் கட்டில் வெறுமை. நடிக்கவில்லை என்றால் வருத்தம் சின்னது. அண்ணையைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். “அவர் எங்கே?” என்று கேட்டால், வயலில் என்று எப்படிச் சொல்வது? எந்தக் கூட்டத்திலும் வாயடங்காத மனுசி தலையணையை மடியில் வைத்து உறையின் மூலையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

எப்படியும் மூடித்தான் இருப்பார்கள் என்று டொக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அதை அக்கா நம்பவில்லை.

வாட்டைப் பூட்டினார்கள். சிலிண்டர் லொறியில் ஏறிப் போனது. அடுத்த சூடடிப்புக் காலம், ஒரு பின்னேரம், அண்ணைக்கு இழுத்தது. டொக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். அம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கிளிநொச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கென்று என் ஆட்டோவில் ஏற்றினோம். அவரால் சாய முடியவில்லை. அக்கா தலையணையை மடியில் வைக்க, அதில் கையூன்றிக் குனிந்தபடி மூச்சுக்கு அடித்துக்கொண்டிருந்தார். பரந்தன் றோட்டு நிழல் இல்லாத வெட்டை. இரண்டு பக்கமும் அரிவு வெட்டிய வயல். “ஓட்டடா தம்பி, ஓட்டு, ஓட்டு” என்று அக்கா என் தோளில் தட்டிக்கொண்டே வந்தார். ஆட்டோவில் இருந்ததெல்லாம் கொடுத்தேன். தூரத்தில் பரந்தன் சந்திக் கடைகள் தெரிய, “அண்ணை, சந்தி வந்திட்டுது” என்று கத்தினேன். தோளில் தட்டின கை நின்றுவிட்டது.

“இனி மெல்லமாப் போ தம்பி” என்றார் அக்கா.

அண்ணையின் எட்டாம் நாட் காரியமான எட்டுச் செலவு முடிந்த கையோடு அக்கா கனகராயன்குளத்தில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். “மகளின்ரை வீடு கண்டி றோட்டுக் கரையில. கையைக் காட்டினா ஏதோ ஒரு வாகனம் நிக்கும்” என்றார். ஊருக்காகக் கத்திய மனுசி ஊரை விட்டுப் போனதற்குச் சொன்ன காரணம் அவ்வளவுதான். போகும்போது தலையணையைத் தந்தார். “வைச்சிரு. றோட்டில ஆருக்கும் தேவைப்படும்.”

தேவைப்படுகிறது. இப்போது மறுபடியும் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். பெயர்கள் மாறியிருக்கின்றன, பேச்சு அதேதான். பழைய வாட்டு யன்னலில் வேட்பாளர்களின் முகங்கள். போன கிழமை பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு பெட்டையை ஏற்றிக்கொண்டு போனேன். வழிநீள அந்தத் தலையணையைக் கடித்துக்கொண்டு வந்தாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வெளியில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முந்தியென்றால், டொக்டர் ஆர், கட்டில் கிடைத்ததோ, கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று துளைத்தெடுத்திருப்பார். இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

“உறையைத் தோய்ச்சுப் போடு தம்பி, வேற ஆரும் வருவினம்” என்றார்.

“ஓம் அக்கா.”

தோய்த்துக் காயப்போட்டு, பழையபடி பின்சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.